இரண்டு பள்ளம்

இசக்கியும் ஜெபராஜும் ஒரே ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருஷம் சேர்ந்து வேலை செய்தார்கள். போன மாசம் ஜெபராஜ் காய்ச்சலில் இறந்துபோனார்.

பல்கலைக்கழகத்திலிருந்து இசக்கிக்கு ஒரு தாள் வந்தது. எது உன் வேலை, எது அவர் வேலை, பிரித்து எழுது. அவர் பங்கை எடுத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பட்டம். இன்று சாயங்காலம் கடைசி.

அவள் தாளோடு பேராசிரியர் ஹமீதாவிடம் போனாள்.

"எப்படி மேடம் பிரிக்கிறது?"

"நோட்டுல கையெழுத்து இருக்குமே."

"கையுறை போட்டவங்க பேனா தொடக்கூடாதே மேடம். அவர் செஞ்சதெல்லாம் என் கையெழுத்துல இருக்கு. நான் செஞ்சதெல்லாம் அவர் கையெழுத்துல."

"அவன் எழுத்தா? கோழி கிளறின மாதிரி இருக்குமே."

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

ஹமீதா அவளைக் குளிர்பெட்டியிடம் கூட்டிப்போனார். உள்ளே நகம் அளவு தகடு. அதில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கண்ணாடி. நடுவில் மெல்லிசாகக் குறைக்கடத்திப் படலம். வெளிச்சம் உள்ளே மாட்டிக்கொண்டு கண்ணாடிக்குக் கண்ணாடி முட்டும். படலம் அதை விழுங்கும், கக்கும், திரும்ப விழுங்கும்.

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த திரையில், தகட்டிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைக் காட்டும் ஒரு கோடு. கோட்டில் இரண்டு பள்ளம்.

"இதுல எது வெளிச்சம், எது படலம்?"

"ரெண்டுலயும் ரெண்டும் இருக்கு மேடம். வெளிச்சம் வெளிய தப்பிக்கிறதுக்குள்ள அத்தனை தடவை கை மாறிடுது. தனியாச் சொல்ல முடியாது."

"சொல்லியே ஆகணும்னா?"

இசக்கி கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

ஹமீதா குளிரை நிறுத்தினார். இருவரும் நின்றபடியே பார்த்தார்கள். தகடு சூடேற ஏறப் பள்ளங்கள் மங்கின. ரொம்ப நேரம் கழித்து ஒரே பள்ளம்தான் இருந்தது.

"இது என்ன?"

"வெறும் வெளிச்சம்."

"படலம்?"

"உள்ளதான் கிடக்கு. வெளிச்சத்தோட சேரல."

"பிரிஞ்சிடுச்சு. இப்ப எழுதலாம்ல?"

"எழுதலாம். ஆனா நாங்க அஞ்சு வருஷமா பார்த்தது இதுல இல்லையே மேடம்."



இசக்கி தாளை மேஜையில் வைத்தாள். 'என் பங்கு' என்ற இடத்தில் 'எல்லாம்' என்று எழுதினாள். 'அவர் பங்கு' என்ற இடத்திலும் 'எல்லாம்' என்று எழுதினாள்.

"இதை வாங்க மாட்டாங்க, இல்ல மேடம்?"

"மாட்டாங்க," என்றார் ஹமீதா. "பேனாவைக் கொடு. நானும் கையெழுத்துப் போடுறேன்."