சம்பந்திக்காக வாங்கிய ட்ரிம் தகடு

சிப்பித்துறையில் மூன்று மச்சான்மார் சேர்ந்து பதினாறடி மோட்டார் படகு ஒன்று வாங்கினார்கள். பின்னால் சண்டை வரக்கூடாதே என்று அன்றைக்கே பெயிண்டால் கோடு போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். முன்பக்க மூக்கு இஞ்ஞாசிக்கு, நடுப்பகுதி வியாகுலத்துக்கு, இன்ஜின் மாட்டிய பின்பக்கம் கயித்தானுக்கு. தங்களைவிட அறிவாளிகள் ஊரில் இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஊர்க்காரர்களும் அதை மறுத்துப் பேசி வாயை வீணாக்கவில்லை.

படகுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேகமெடுத்தால் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். நடுவில் இருப்பவர்கள் மேல் கடல் கொட்டும். வியாகுலத்தின் மகள் பிலோமியைப் பெண் பார்க்கத் தீவிலிருந்து வந்த கூட்டம் தொப்பலாக நனைந்து, காபிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனது. இப்போது அதே தீவிலிருந்து இன்னொரு வரன். மாப்பிள்ளையின் தகப்பனார் தொம்மையார் சட்டை மடிப்புக் கலையாத மனுஷர். ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றி வரவேண்டும். இதுவும் கைநழுவினால் பிலோமியின் கதி என்ன என்று வியாகுலம் பயந்தான்.

டவுனில் படகுச் சாமான் விற்கும் கடைக்காரரிடம் ஓடினான்.

"பின்பக்கத்துல தண்ணிக்குக் கீழ ரெண்டு ட்ரிம் தகடு மாட்டுங்க. பின்பக்கம் எந்திரிக்கும், மூக்கு தானா இறங்கும்" என்றார் அவர். "படகு நீளத்துல அடிக்கு ஒரு அங்குலத் தகடு. ஆனா பின்பக்கத்தைக் கண்ணால பாக்காம நான் தரமாட்டேன். கொண்டு வாங்க."

வியாகுலம் வந்து சொன்னதும் மச்சான்மார் கூட்டம் கூடியது.

"மூக்கு எம்பங்கு. அதை இறக்க விடமாட்டேன்" என்றான் இஞ்ஞாசி. "நம்ம குடும்பத்துல தலைநிமிந்து நிக்கிறது அது ஒண்ணுதான்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் இறக்கிக்க மச்சான். திங்கக்கிழமை தூக்கிக்கலாம்" என்று கெஞ்சினான் வியாகுலம்.

"சரி. ஆனா கடைக்காரரு பின்பக்கத்தைத்தானே வரச் சொன்னாரு? கூப்பிடாத இடத்துக்கு என் மூக்கு வராது."

"ஞாயம்தான். எம்பங்கை நான் கொண்டு போறேன்" என்று கயித்தான் ரம்பத்தை எடுத்தான்.

கோடு பிசகாமல் அறுத்தார்கள். அடுத்தவன் பங்கில் ரம்பத்தின் ஒரு பல்கூடப் படவில்லை. நேர்மையென்றால் அப்படியொரு நேர்மை! பஸ்ஸில் ஏற்றியபோது, பின்பக்கத்துக்குப் பின் சீட்டுதான் மரியாதை என்று கயித்தான் நடத்துனரிடம் மல்லுக்கு நின்றான்.

வந்து இறங்கியதைப் பார்த்துக் கடைக்காரர் பேய்முழி முழித்தார். "எத்தனை அடி?" என்றார் ஈனசுரத்தில்.

"பதினாறு" என்றான் வியாகுலம்.

"பொய் சொல்லாத மச்சான்! வந்திருக்கிறது மூணடி" என்று அதட்டினான் கயித்தான்.

ஆள் போனால் போதும் என்று கடைக்காரர் மூன்று அங்குலத்தில் இரண்டு தகடுகள் வெட்டிக் கொடுத்தார். ரெண்டும் சோப்புக்கட்டி அளவுதான்.

ஊர் திரும்பியதும் தகடுகளை மாட்டி, அறுத்த பாகத்தைப் படகோடு சேர்த்து நைலான் கயிற்றால் வரிந்து கட்டினார்கள். ஞாயிறு காலை படகு கிளம்பியது. தீவுக் கரையை நெருங்கும்போது அறுத்த கோடு வழியாகக் கடல் உள்ளே வந்தது. பின்பக்கம் இன்ஜினோடு அமுங்க, மூக்கு நேராக வானத்தைப் பார்த்தது. அதன் உச்சியில் இஞ்ஞாசி ஈரம்படாமல் தொங்கினான். கழுத்தளவு தண்ணீரில் நின்ற வியாகுலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் போச்சு!

கரையில் வெள்ளை வேட்டியோடு நின்ற தொம்மையார் எல்லாவற்றையும் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு மடிப்புக் கலையாத சட்டையோடு கடலில் இறங்கி வந்தார். தண்ணீருக்குள் குனிந்து தகடுகளைத் தடவினார். நிமிர்ந்து மூக்கைப் பார்த்தார். வியாகுலம் அழுதுகொண்டே கடைக்காரர் கதை முழுவதையும் சொன்னான்.

"தகடு சின்னதாப் போச்சு சம்பந்தி" என்றார் தொம்மையார் துக்கத்தோடு. "மூக்கையும் தனியா அறுத்துக் கொண்டு போயிருக்கணும். ரம்பம் இருக்கா?"