இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

நாவல்குளம் காட்டில் விலங்குகள் சேர்ந்து ஒரு மருந்துக் கம்பெனி நடத்தின. மேலாளர் நீலமேகம் என்ற மயில். கிடங்கைப் பார்த்துக்கொண்டது குட்டியப்பன் என்ற ஆமை. கம்ப்யூட்டர்களையும் வயர்களையும் கவனித்தது செவந்தி என்ற மரங்கொத்தி. வயர் வேலை தெரிந்தது செவந்திக்கு மட்டும்தான். ஆனால் அதிகாரம் மயிலிடம் இருந்தது. எங்கும் நடக்கிற கூத்துதான்!

செவந்தி வருவதற்கு முன்பு, மலையில் இருந்த கம்பெனிக் கிளையில் யாருக்காவது மருந்து வேண்டுமென்றால் அணில் சீட்டைக் கவ்விக்கொண்டு ஓடிவர வேண்டும். அதற்கே அரை நாள் ஆகிவிடும். செவந்தி எல்லாக் கம்ப்யூட்டர்களையும் வயரால் இணைத்தது. எல்லா வயர்களும் அத்திமரப் பொந்தில் இருந்த ஒரு பெட்டிக்கு வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. செய்தி வந்தால், அது எந்த எண்ணுக்கு என்று பெட்டி பார்க்கும். அந்த வயரில் மட்டும் அனுப்பிவிடும். மலையில் தட்டினால் அடுத்த நொடி கிடங்கில் மணி அடிக்கும். ஆமை மருந்தை எடுத்து வைக்கும். பருந்து தூக்கிக்கொண்டு பறக்கும். எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்தன.

ஒரு நாள் பக்கத்துக் காட்டு யானைகள் கம்பெனியைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தன. காலையிலேயே மயில் எல்லா இடத்தையும் சுற்றி வந்தது. அத்திமரப் பொந்தில் ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனை பெட்டிக்குள் இருந்தது. மறுமுனையில் ஓர் இலை கட்டியிருந்தது. 'நாளை வரும் கம்ப்யூட்டருக்கு. தொடாதீர்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

"சீ! யானைங்க பார்த்தா என்ன நினைப்பாங்க!" என்றது மயில்.

"ஐயா, தொட வேணாம்னு செவந்தி அக்கா எழுதியிருக்காங்களே!" என்றது பக்கத்தில் இருந்த ஆமை.

"இங்கே மேலாளர் நானா, அவளா?"

மயில் இலையைப் பிய்த்து எறிந்தது. தொங்கிய முனையை அலகால் கவ்வியது. அதே பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகியது. "இப்போ எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டது.

லட்சணமாம்! அந்தப் பெட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓர் எண் எந்த வயரில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், "இந்த எண் யாருடையது?" என்று எல்லா ஓட்டைகள் வழியாகவும் கேட்கும். இப்போது அந்தக் கேள்வி ஓர் ஓட்டை வழியாக வெளியே போய், இன்னோர் ஓட்டை வழியாக அதே பெட்டிக்குள் வந்தது. யாரோ புதிதாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து, பெட்டி மறுபடியும் எல்லோரிடமும் கேட்டது. அதுவும் திரும்பி வந்தது. ஒரு கேள்வி நூறாகி, நூறு லட்சமானது. வயர் முழுக்க ஒரே கூச்சல். உண்மையான செய்தி நுழைய இடமே இல்லை.

அதே நேரத்தில் மலையில் ஒரு மான்குட்டியைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. தாய்மான் பூங்காவனம் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு மலைக்கிளைக்கு வந்தது. அங்கே வேலை பார்த்த சொக்கி என்ற மந்தி, 'விஷமுறிவு மருந்து. உடனே!' என்று தட்டியது.

"போயிருச்சா?" என்றது மான்.

"போகுது போகுதுன்னு சுத்திக்கிட்டே இருக்கே!"

மந்தி மறுபடியும் தட்டியது. ஒன்பது முறை தட்டியது. குட்டியின் பின்னங்கால் வீங்கிக் கறுத்துக்கொண்டே வந்தது. "குட்டியை ஆட்டாம வச்சிரு, நானே போறேன்!" என்று மந்தி மரத்துக்கு மரம் தாவிக் கிளம்பியது.

இங்கே அலுவலகத்தில் எதுவும் வேலை செய்யவில்லை. செவந்தி பறந்து வந்தது. மயில் தோகையை விரித்துப் பொந்தை மறைத்துக்கொண்டு நின்றது. தான் சொருகிய பிறகுதான் எல்லாம் நின்றது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நன்றாகவே தெரிந்துவிட்டது!

"பெட்டியை யாராச்சும் தொட்டீங்களா?" என்றது செவந்தி.

"யாரும் தொடலை! யானைங்க வர்ற நாளா பார்த்து என் மானத்தை வாங்குறியே!"

"ஐயா, நான் குத்தம் சொல்ல வரலை. தொட்டிருந்தா சொல்லுங்க. ஒரு நொடி வேலை!"

"என்னையே சந்தேகப்படுறியா? சாயங்காலத்துக்குள்ள உன் சீட்டைக் கிழிக்கிறேன் பார்!"

செவந்தி ஆமையைப் பார்த்தது. "குட்டியப்பா, நீ இங்கேதானே இருந்தே? யாராச்சும் தொட்டாங்களா?"

ஆமை மயிலைப் பார்த்தது. மயில் முறைத்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

யாரும் தொடவில்லை என்பதைச் செவந்தி நம்பியது. எலி ஏதாவது வயரைக் கடித்திருக்கும் என்று நினைத்து, மலை வரை போகும் வயரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனது. இரண்டு மணி நேரம் வீணானது. பாதி மலையில் மந்தி எதிரே வந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னது. இதுவரை வயரில் கடி எதுவும் இல்லை, பெட்டியையே பார்த்துவிடலாம் என்று இரண்டும் திரும்பிப் பாய்ந்தன.

மயில் இன்னும் பொந்தை மறைத்துக்கொண்டுதான் நின்றது. "தள்ளுங்க!" என்று செவந்தி கத்தியது.

"யானைங்க வர்ற நேரத்துல..."

செவந்தி மயிலின் தோகைக்குள் புகுந்து பொந்துக்குள் போனது. ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தன! ஒரு முனையைப் பிடுங்கியது. அவ்வளவுதான். கிடங்கில் மணி அடித்தது. 'விஷமுறிவு மருந்து. உடனே!' மறுபடியும் அடித்தது. சொக்கி அனுப்பிய ஒன்பது செய்திகளும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. பருந்து மருந்தோடு பறந்தது.

யானைகள் அன்று வரவே இல்லை.

குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் பின்னங்கால் போய்விட்டது. பத்து நாள் கழித்து, மூன்று காலில் நொண்டும் குட்டியோடு பூங்காவனம் கம்பெனிக்கு வந்தது. 'வயரைத் தப்பாகச் சொருகிய கவனக்குறைவால் செவந்தி வேலையிலிருந்து நீக்கப்படுகிறது' என்று மயில் மரத்தில் எழுதி ஒட்டியிருந்தது. விலங்குகள் சுற்றி நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தன.

ஆமை குட்டியின் காலைப் பார்த்தது. அதற்கு மேல் அதனால் ஓட்டுக்குள் இருக்க முடியவில்லை. "சொருகினது இவர்தான்! நான் பார்த்தேன்! செவந்தி அக்கா திரும்பத் திரும்பக் கேட்டப்போ ரெண்டு பேரும் மறைச்சுட்டோம்!" என்று அழுதது.

"ஒரு சின்ன வயர்தானே! தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்!" என்றது மயில்.

"சொருகினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. தெரியாம செஞ்சே. அக்கா அத்தனை தடவை கேட்டாளே, அப்போ உன் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று மான் சீறியது. பிறகு ஆமையின் பக்கம் திரும்பியது. "இப்போ அழறே! அன்னிக்கே தலையை நீட்டியிருந்தா என் பிள்ளை நாலு காலில் ஓடுவான்!"

விலங்குகள் அப்போதே ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்தன. மயிலை மேலாளர் பதவியிலிருந்து இறக்கின. பெட்டியின் பொறுப்பு முழுவதையும் செவந்தியிடம் கொடுத்தன. என்ன செய்து என்ன? குட்டி மூன்று காலில்தான் வீடு திரும்பியது.

செய்த தவறை உடனே சொன்னால் அது ஒரு நொடியில் சரியாகும். மறைத்தால், ஒரு பாவமும் அறியாதவர்தான் அதற்கு விலை கொடுப்பார்.