பட்டினிப் பலகையும் இரண்டு இட்லியும்

இந்தக் கதையில் வரும் பெண்கள் எல்லோரும் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவள் யார் என்று தேடிக்கொண்டே படித்தால், கடைசியில் நான் கேள்வி கேட்கும்போது திருதிருவென்று விழிப்பீர்கள்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. சென்னையில் ஒரு பெரிய தர்மாஸ்பத்திரி. பெண்கள் வார்டில் பதினான்காம் நம்பர் கட்டிலில் அம்சவேணி என்பவள் படுத்திருந்தாள். கழுத்தில் கழலை. அது மூச்சுக்குழலை அழுத்த ஆரம்பித்து, மல்லாந்து படுத்தால் மூச்சு திணறியது. இந்த ஆபரேஷனைச் செய்யக்கூடிய பெரிய டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். ஒரு புதன் அவருக்கு லீவு. அடுத்த புதன் ஏதோ மில்லில் விபத்து, அடிபட்டவர்களைப் பார்க்கவே பொழுது போய்விட்டது. அம்சவேணியின் புருஷன் வந்து, "இந்தத் தடவையும் இல்லேன்னா கிளம்பு. பச்சிலை வச்சுக் கட்டிப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னதைச் செய்கிற மனுஷன் அவன்.

அந்த வார்டில் ஒரு வழக்கம். மறுநாள் ஆபரேஷன் என்றால், முந்தின நாள் சாயங்காலமே கட்டிலின் கால்மாட்டில் 'பட்டினி' என்று எழுதிய தகரப் பலகையை மாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் கஞ்சி கிடையாது, காபி கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது. ஏன் என்று யாரும் நோயாளிகளுக்குச் சொன்னதில்லை. பலகை இருக்கும்போது விளக்கம் எதற்கு என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

மூன்றாவது புதன் காலை ஏழரை மணி. அம்சவேணியின் கட்டிலில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து பக்கத்துக் கட்டிலில் இருந்த கன்னியம்மாளுக்கு வீட்டிலிருந்து இட்லி வந்தது. பசியோடு ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க, தான் மட்டும் சாப்பிட நம் பெண்களுக்கு எங்கே மனசு வரும்? டப்பாவை நீட்டினாள். அம்சவேணி இரண்டு இட்லியை மளமளவென்று விழுங்கினாள். விழுங்கிய பிறகுதான் பலகை ஞாபகம் வந்து பயம் பிடித்துக்கொண்டது.

"யக்கா, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு உம் பொண்ணு மேல சத்தியம் பண்ணு" என்றாள்.

கன்னியம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். தயங்கித் தயங்கித்தான் சத்தியம் செய்தாள்.

இதையெல்லாம் வார்டு ஆயா தேசம்மாள் பார்த்துவிட்டாள். கன்னியம்மாளைத் தனியே வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"என்னா வேலை பண்ணிட்டே! மயக்கம் குடுக்கறப்ப வாந்தி வந்து மூச்சுக்கொழாயில அடைச்சா உசுரே பூடும்."

"ஐயையோ, அப்ப நர்சம்மாகிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா ஆபரேசன் இல்ல. அவ புருசன் இட்டுக்கினு பூடுவான். அங்க போயி மூச்சடைச்சு சாவா. நானும் இருவது வருசமா பாக்கறேன், இட்லி தின்னு செத்தவ ஒருத்திதான். வாய மூடிக்கினு இரு."

தேசம்மாள் சொன்னபடியே தன் வாயையும் மூடிக்கொண்டாள்.

கன்னியம்மாளால் முடியவில்லை. எட்டரை மணிக்கு நர்ஸ் ஹெப்சிபாவின் மேஜைக்குப் போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஹெப்சிபா யோசித்தாள். அன்றைக்கு முதல் ஆபரேஷனே அம்சவேணிக்குத்தான். இட்லி என்று சொன்னால் பெரிய டாக்டர் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த புதன் என்பார். புருஷனோ கேட் அருகே நின்றுகொண்டிருந்தான். அவள் நேரே டாக்டரிடம் போய், "முதல் கேஸுக்குக் கழுத்தைச் சுத்தம் பண்ணி வைக்க மறந்துட்டேன் சார். என் தப்புதான்" என்றாள். எல்லோர் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். டாக்டர் அம்சவேணியை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார். கடைசி என்றால் எப்படியும் மூன்று மணி ஆகும், அதற்குள் வயிறு காலியாகிவிடும் என்பது ஹெப்சிபாவின் எண்ணம்.

ஆனால் அன்று ஒருத்திக்குக் காய்ச்சல், ஆபரேஷன் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொருத்திக்கு நினைத்ததைவிட சீக்கிரம் முடிந்தது. பன்னிரண்டரை மணிக்கே தள்ளுவண்டி வந்து நின்றது. ஹெப்சிபா வண்டியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு இட்லி விஷயம் கடைசிவரை தெரியாது.

வாந்தி வரவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போகும்போது அம்சவேணி ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நர்சைக் கும்பிட்டாள். சத்தியத்தை மீறியது எப்படியோ காதுக்கு எட்டியிருந்ததால், கன்னியம்மாளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

ஆயா மறைத்தாள். கன்னியம்மாள் சத்தியத்தை மீறினாள். நர்ஸ் பொய் சொன்னாள். மூவரும் அம்சவேணியின் உயிரை நினைத்துத்தான் செய்தார்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: நீங்கள் ஹெப்சிபா என்று சொல்லியிருப்பீர்கள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள், நானும் அவளை மதிக்கிறேன். ஆனால் உண்மையை அறிய வேண்டிய ஒரே ஆள் மயக்க மருந்து டாக்டர். தெரிந்திருந்தால் அவர் இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாம், வயிற்றைக் கழுவியிருக்கலாம். பன்னிரண்டரை மணிக்கு வாயைத் திறக்காதபோது நர்சும் ஆயாவைப் போல அதிர்ஷ்டத்தைத்தான் நம்பினாள். சரியாகச் செய்தவள் கன்னியம்மாள். சத்தியத்தை மீறினால் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள். நம்பிக்கொண்டேதான் போய்ச் சொன்னாள். அன்று நாலு மணிக்குப் பார்வையாளர் மணி அடித்து அவள் புருஷன் உள்ளே வந்தபோது, "பொண்ணு எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள், கீழே அத்தையோடு நிற்கிறாள் என்றான். அவள் அவனை நம்பவில்லை. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்து போய், பெண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அன்றைக்குத் தண்ணீர் குடித்தாள்.