முதலாளி முகர்ந்த தொடை

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் திருச்சிக் கறி மார்க்கெட்டில் மீராசா ராவுத்தர் வைத்ததுதான் சட்டம். அவர் கடையில் தோல் சுமந்துகொண்டிருந்த சிக்கந்தர் தனியாகப் பிரிந்து, எதிரிலேயே ஒரு சின்னக் கடை போட்டான். கூட்டம் அங்கே சாய்ந்தது. ராவுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கெட்டுப்போன கறி விற்கிறான் என்று சுகாதார இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுத்தார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் தொப்பியும் பிரம்புமாகச் சிக்கந்தர் கடையில் வந்து நின்றார். பின்னால் சேவகன், கையில் மண்ணெண்ணெய் டின்.

“நல்ல கறிதான்னு இப்பவே நிரூபி. இல்லேன்னா எல்லாத்துலயும் எண்ணெயை ஊத்தி அழிச்சிடுவேன்” என்றார்.

சிக்கந்தர் கைகட்டி நின்றான். “முதலாளிக்குத் தெரியாததாங்கய்யா? எது கெட்டதுன்னு அவரே காட்டட்டும்.”

ராவுத்தர் உள்ளே வந்தார். முன்னால் தொங்கிய கொழுத்த தொடையைப் பார்த்ததும் அவர் வயிறு எரிந்தது. கிட்டப் போய் முகர்ந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதுதான். மூணு நாள் கறி. நாய்கூடத் தின்னாது” என்றார்.

“நீங்க புகார் கொடுத்தது நேத்தே காதுல விழுந்துச்சு முதலாளி” என்றான் சிக்கந்தர். “அதான் விடியக்காலையில உங்க கடையிலேயே இந்தத் தொடையை வாங்கி மாட்டினேன்.”

ராவுத்தர் கடையில் கறி வெட்டுகிறவர் எதிரிலிருந்து, “ஆமா, நான்தான் வெட்டிக் கொடுத்தேன்” என்றார்.

இன்ஸ்பெக்டர் பிரம்பை எதிர்க்கடைப் பக்கம் நீட்டினார். சேவகன் டின்னோடு நடந்தான்.

ராவுத்தர் ஓடிப்போய் மறித்தார். “ஐயா, என் கடைக் கறி அத்தனையும் நல்ல கறிங்க. இன்னைக்கு அறுத்ததுங்க” என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

சிக்கந்தர் தொடையை இறக்கிக் கட்டையில் வைத்தான். “முதலாளியே சொல்லிட்டாரு. யாருக்கு எவ்வளவு போடட்டும்?”