திருவம்பலம் குடித்த கசப்பு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் திருவம்பலம் என்று ஒரு சீடர். குளிர்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது மாத்திரையைத் துப்பிவிட்டு, குரு கையால் தந்த தீர்த்தம் குடித்தே பிழைத்தவர். சந்தைக்குச் சந்தை போய் அப்படித்தான் சொல்லிவந்தார். மடத்தை விட்டு வெளியே வராத குருவுக்கு அது தெரியாது.

அன்று பூஜை முடிந்ததும் குருவிடம் மெல்லக் கேட்டார்.

"ஐயா, சந்தையில ஒருத்தன் அத்தாட்சி கேக்கறான். என் உடம்பே அத்தாட்சி இல்லையா? அந்தத் தீர்த்தம் என்னமா கசந்தது! என் வினையெல்லாம் கரைஞ்சு நாக்குல இறங்கின கசப்பு ஐயா அது."

குரு வாய் திறப்பதற்குள் செண்பகவடிவு என்ற பெண், குளிர்காய்ச்சலில் நடுங்கும் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சாமி, ஒரு மாத்திரைகூட உள்ளே போகலைன்னு இந்த அண்ணாச்சி சந்தையில சொன்னாங்க. அன்னைக்கே இவளுக்கு ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திட்டேன். இந்தா, முந்தானையிலதான் கிடக்கு. தீர்த்தம் குடுங்க சாமி."

திருவம்பலத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "கேட்டீங்களா ஐயா!"

குருவின் முகம் வெளுத்துவிட்டது. முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொல்லி மாத்திரையை வாங்கினார். சந்தனக் கல்லில் வைத்துப் பொடித்தார். தீர்த்தத்தில் கலக்கினார்.

"நாக்கை நீட்டுப்பா."

திருவம்பலத்தின் நாக்கில் ஒரு சொட்டுதான் விட்டார்.

அதே கசப்பு. திருவம்பலம் தூணைப் பிடித்துக்கொண்டார்.

குரு மிச்சத்தைப் பிள்ளைக்குப் புகட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு ஓடு தாயி. நிறுத்தினதையும் மறைக்காமச் சொல்லு. ஓடு!"

அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார் திருவம்பலம்.

"அப்போ... அன்னைக்கும்?"

"நீதான் துப்பித் துப்பிப் போட்டியே. சாகட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"எங்கிட்ட ஏன் ஐயா சொல்லலை?"

"ஏன் கசக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எங்கிட்ட கேக்காம நேரா சந்தைக்கில்ல போயிட்டே."

திருவம்பலம் தூணை விட்டு அருகே வந்தார்.

"அப்படின்னா அந்தத் தீர்த்தத்துல சாமி இல்லையா ஐயா?"

குரு சந்தனக் கல்லைக் கழுவிக் கவிழ்த்தார்.

"சாமி இல்லைன்னு நான் சொல்லலைப்பா. மாத்திரை இல்லைன்னு நீதான் சொன்னே."