ஊதா ஜுவாலைக்குக் காய்ச்சல் பார்த்த கதை

கடவுள் எல்லாருக்கும் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு டீ குடிக்கப் போயிருந்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரும் பிற்பாடு ஒரே கல்லூரியில், ஒரே இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர்களாக வந்து சேர்ந்தார்கள். மூத்தவர் அருமைநாயகம். அடுத்தவள் எப்சிபா. கடைசி ஆள் சுடலைக்கண்ணு; நெட்டையன், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான்.

ஆய்வகத்தில் ஒரு கருவி இருந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், குழாய் நுனியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஊதா நிற ஜுவாலை ஒன்று நிற்கும். பிளாஸ்மா என்று பேர். அருமைநாயகத்துக்கு அதன் மேல் உயிர். தினமும் காலையில் கருவியைத் துடைத்து, “நல்லா தூங்குனியா?” என்று விசாரித்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்.

ஒரு வியாழக்கிழமை நிபுணர் ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. ஜுவாலையின் வெப்பநிலையைச் சரியாகச் சொல்லாவிட்டால் கருவியை வேறு கல்லூரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பேராசிரியை மங்கையர்க்கரசியின் மகளுக்கோ அன்றைக்கென்று பிரசவ வலி. அவர் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்து, ஒரு தாளில் மூன்று வரி எழுதி அருமைநாயகத்திடம் நீட்டினார்.

“ஜுவாலை எரிஞ்சா அதோட ஒளியைப் பார்த்துக் கணினியே வெப்பத்தைச் சொல்லிரும். இதுல இருக்கிறபடியே செய்ங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது,” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அருமைநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார். ‘வளிமண்டல அழுத்தமே போதும். மேற்கொண்டு அழுத்த வேண்டாம்.’

சுவிட்சை நோக்கி நீட்டிய விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “அழுத்த வேண்டாம்னு போட்டிருக்கு.”

“அழுத்தாம சுவிட்சை எப்படிப் போடுறது அண்ணாச்சி?” என்றாள் எப்சிபா.

“அதைத்தான் யோசிக்கணும்.”

யோசித்தார்கள். சுடலைக்கண்ணு வாயால் ஊதிப் பார்த்தான். எப்சிபா சுவிட்சிடம் தன்மையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அது மசியவில்லை. சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாம் வரிக்குப் போனார்கள். ‘வெளியிலிருந்து துளி வெளிச்சமும் உள்ளே வரக் கூடாது.’

ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டார்கள். கதவிடுக்கில் சுடலைக்கண்ணு சட்டையைக் கழற்றிச் செருகினான். கும்மிருட்டு. மூன்றாம் வரியைப் படிக்க முடியவில்லை. அருமைநாயகம் தடவித் தடவி வெளியே போய், வெயிலில் படித்துவிட்டு வந்தார்.

“அண்ணாச்சி, அப்படியே உள்ள வராதீங்க!” என்று எப்சிபா அலறினாள். “தாள்ல வெளிச்சம் ஒட்டியிருக்கும்!”

அருமைநாயகம் வாசலிலேயே நின்று தாளை மூன்று தடவை உதறினார். போதாது என்று வேட்டியையும் உதறினார். பிறகு உள்ளே வந்து சொன்னார்:

“வெப்பமானியை ஜுவாலைக்குள்ள விடக் கூடாதாம். மூலக்கூறு சுத்துற வேகத்தை வெச்சே வெப்பநிலையைக் கண்டுபிடிக்கணுமாம்.”

“ஜுவாலைக்குள்ளதான கூடாது? வாய்க்குள்ள விடலாம்லா?” என்றாள் எப்சிபா.

“விடலாம். யார் வாய்க்குள்ள? மூலக்கூறுன்னா யாரு?”

நீண்ட ஆலோசனை நடந்தது. கடைசியில் எப்சிபாதான் புதிரை அவிழ்த்தாள். “மூலையில கூறில்லாம நிக்கிறவன், அண்ணாச்சி.”

“நான் மூலையிலதான் நிக்கேன்,” என்று இருட்டிலிருந்து சுடலைக்கண்ணுவின் குரல் வந்தது.

அப்புறம் என்ன? பேராசிரியையின் சுழல் நாற்காலியில் அவனை உட்கார்த்தி, வாயில் காய்ச்சல் பார்க்கும் கருவியைச் செருகி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டார்கள். சுடலைக்கண்ணு ராட்டினமாய்ச் சுழன்றான். அவனுடைய நெட்டைக் கால் எதிலோ போய் இடித்தது. ‘டக்!’

குழாய் நுனியில் ஊதா ஜுவாலை எழுந்து நின்றது.

“எவம்லே அழுத்துனது?” என்று கத்தினார் அருமைநாயகம்.

“அழுத்தலை அண்ணாச்சி. உதைச்சுட்டேன்.”

அருமைநாயகம் தாளை ஊதா வெளிச்சத்தில் ஒருதரம் சரிபார்த்தார். “உதைக்கக் கூடாதுன்னு போடலை. சரிதான்.”

அதற்குள் கணினித் திரையில் ஓர் எண் வந்தது: 642. அதைப் பார்த்ததும் அவர் அலறினார். “அறுநூத்தி நாப்பத்திரண்டா! நமக்கு நூறு தாண்டுனாலே ஊசி போடுவாங்களே! ஐயோ, பிள்ளை எப்படிக் கொதிக்குது!”

எப்சிபா ஓடிப்போய்க் கைக்குட்டையை நனைத்து வந்தாள். சுடலைக்கண்ணு தலை கிறுகிறுக்க, ஜுவாலைக்கும் போர்வைக்கும் வித்தியாசம் தெரியாமல் போர்வைக்கு விசிறிக்கொண்டிருந்தான். கருவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அருமைநாயகம் ஆட்டோ கூப்பிடக் கிளம்பியபோதுதான் கதவு திறந்தது. நிபுணர்!

அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே திரைக்குப் போய், வரைபடத்தை உற்றுப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். “பிரமாதம். வாயுவின் வெப்பநிலை அறுநூற்று நாற்பத்திரண்டு கெல்வின். சரி, பிழை எவ்வளவு?”

மனுஷன் கேட்டேவிட்டார், இனி மறைத்துப் பயனில்லை. அருமைநாயகம் தன் நெஞ்சைத் தொட்டார், எப்சிபாவைக் காட்டினார், சட்டையில்லாமல் நின்ற சுடலைக்கண்ணுவைக் காட்டினார்.

“மூணு ஐயா,” என்றார் தலைகுனிந்து.

குனிந்து எழுதிக்கொண்டிருந்த நிபுணரின் பேனா நின்றது. “மூணே மூணா! பெரிய பெரிய ஆய்வகத்திலேயே இருபது முப்பது வரும். எப்படிக் குறைச்சீங்க?”

“நாங்க எங்கய்யா குறைச்சோம்?” என்றார் அருமைநாயகம். “நாலுதான் இருந்துச்சு. தங்கப்பழம் அண்ணாச்சி போன மாசம் ரிட்டயர் ஆயிட்டாரு.”