வாய் வீங்கிய மேஸ்திரி

முள்ளிக்காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. போன மழைக்காலத்தில் அதன் கரை உடைந்து, தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் ஓடிப்போய்விட்டது. கோடை வந்ததும் மிருகங்கள் குட்டையில் மிச்சமிருந்த சேற்று நீரைக் குடித்துப் பிழைத்தன. அடுத்த மழைக்குள் கரை எழும்பாவிட்டால் காட்டையே காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆகவே கரை கட்ட ஒரு கூட்டம் சேர்ந்தது. சடையன் என்ற காட்டுப்பன்றி, தன் இனத்தாரோடு களிமண் தோண்டித் தர ஒப்புக்கொண்டது. வடிவு என்ற யானை பாறைகளைத் தூக்கி வரவும், போட்ட மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தவும் முன்வந்தது. பாறை இடுக்குகளில் சிறு கற்களைத் திணிக்கும் வேலை குரங்குகளுக்கு. அவற்றின் தலைவி செம்பி என்ற மந்தி.

மேஸ்திரியாக யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தபோது, எல்லா மிருகங்களும் உறுமன் என்ற கரடியைக் கைகாட்டின. காரணம் ஒன்றே ஒன்றுதான். ஏரியின் இந்தக் கோடியில் அது கத்தினால், அந்தக் கோடியில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

உறுமனும் மேஸ்திரி வேலை என்றால் கத்துவதுதான் என்று நினைத்துக்கொண்டது. காலையில் ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை ஓயாது. யானை மெதுவாக நடந்தால் திட்டு. வேகமாக நடந்தால் தரை அதிர்கிறதென்று திட்டு. குரங்குகள் சிரித்தால் திட்டு. சிரிக்காவிட்டால், முகத்தை ஏன் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அதற்கும் திட்டு. அந்தப் பக்கமாகத் தன்பாட்டுக்குப் போன ஓர் ஆமைகூட, வேலையில் சுணக்கம் காட்டுவதாக வசை வாங்கிக்கொண்டு போனது.

இதனால் கூட்டம் ஒரு வித்தையை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டது. பழியை அடுத்தவர் தலையில் போடுவது! கல் உருண்டால் மண் சரியில்லை என்றது யானை. மண் சரிந்தால் மிதித்தது போதவில்லை என்றன பன்றிகள். எது நடந்தாலும், நாங்கள் அப்போது மரத்தில் இருந்தோம் என்றன குரங்குகள்.

எப்படியோ கரை எழும்பிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் கோடை மழை வந்தது. பெரிய மழைகூட இல்லை. கரையின் நடுப்பகுதி பொதுக்கென்று உட்கார்ந்து, சேறாகக் கரைந்து போனது.

உறுமன் ஓடி வந்து, இது யார் செய்த வேலை என்று கேட்டது. பன்றிகள் யானையைப் பார்த்தன. குரங்குகள் பன்றிகளைக் காட்டின. காட்ட யாரும் மிச்சமில்லாததால் யானை தும்பிக்கையைத் தூக்கி வானத்தைக் காட்டியது.

கரடிக்குத் தாங்கவில்லை. பக்கத்திலிருந்த மரத்தை ஓங்கி ஓர் அறை விட்டது. மேலே பெரிய தேன்கூடு இருந்ததை அது கவனிக்கவில்லை. கத்துவதற்காக வாயைத் திறந்த நேரமும் தேனீக்கள் இறங்கி வந்த நேரமும் ஒன்றாகிவிட்டன.

மறுநாள் காலை உறுமனின் வாய் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "ம்" என்பதைத் தவிர ஒரு சத்தமும் வரவில்லை.

இனி மேட்டில் உட்கார்ந்து என்ன பயன்? கீழே இறங்கி வந்தது. கல்லை இந்தப் பக்கம் வை, மண்ணை அந்தப் பக்கம் கொட்டு என்று கைகளை ஆட்டிக் காட்டியது. மேஸ்திரி கூத்தாடுகிறார் என்று நினைத்துக் குரங்குகளும் கூடவே ஆடின. வேறு வழியில்லாமல் உறுமன் தானே கல்லைச் சுமந்து வைத்துக் காட்டியது. யானை வரும் பாதையில் நடந்தபோது கூர்மையான சரளை பாதத்தைக் குத்திவிட்டது. வடிவு ஏன் மெதுவாக நடந்தது என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது. உட்கார்ந்து, சரளையை எல்லாம் ஒதுக்கித் தள்ளியது. அதைப் பார்த்த வடிவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

சாயங்காலம் சடையன் தயங்கித் தயங்கி வந்தது.

"மேஸ்திரி, ஒண்ணு சொல்லணும். இப்ப உங்களால கத்த முடியாதுங்கிற தைரியத்துலதான் சொல்றேன். கரைக்கு அடியில பெரிய நண்டு வளை இருந்துச்சு. முதல்லயே பார்த்துட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு மேல மண்ணைப் போட்டு மூடிட்டேன்."

உறுமனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தது. "ம்ம்ம்" என்ற சத்தத்தோடு கொஞ்சம் எச்சில்தான் ஒழுகியது. கத்த முடியாததால் யோசிக்க நேரம் கிடைத்தது. அன்றைக்கே சடையன் சொல்லியிருந்தால் ஒரு காலைப்பொழுதில் வளையை அடைத்திருக்கலாம். அதைச் சொல்லவிடாமல் செய்தது யார் என்று நினைத்தபோது, உதட்டைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது.

அடி விழும் என்று சடையன் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. உறுமனோ உடைந்த இடத்துக்குப் போய், வளையைத் தோண்ட ஆரம்பித்தது. சடையனும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது.

இதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. ஓர் ஓரத்தை மிதிக்காமலே விட்டுவிட்டதாக வடிவு ஒப்புக்கொண்டது. சில இடுக்குகளில் கல்லுக்குப் பதில் சருகைத் திணித்துவிட்டோம் என்று செம்பி தலையைச் சொறிந்தது. ஒவ்வொன்றுக்கும் உறுமன் "ம்" என்று தலையாட்டிவிட்டு, அந்த இடத்துக்கு அவர்களோடு நடந்தது.

சில நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. மேஸ்திரிக்குக் குரல் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும் குரங்குகள் முன்யோசனையாக மரத்தில் ஏறிக்கொண்டன. உறுமன் தொண்டையைச் செருமியது.

"இன்னும் ஏதாவது சரியில்லாம இருக்கா? இருந்தா சொல்லுங்க. சேர்ந்தே சரிபண்ணிடலாம்" என்றது மெதுவாக.

சடையன் கவலையோடு யானையின் பக்கம் திரும்பி, "வடிவக்கா, மேஸ்திரிக்கு நிஜமாவே குணமாயிடுச்சா?" என்று கேட்டது.

கரை மறுபடியும் எழும்பியது. ஐப்பசி பிறந்ததும் பெருமழை கொட்டியது. ஏரி நிறைந்து, அலைகள் கரையை முட்டின. மழைக்கு நடுவே செம்பி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மேஸ்திரி, நான் வெச்ச கல்லு நழுவிடுச்சு, தண்ணி கசியுது. என் தப்புதான். சீக்கிரம் வாங்க!"

யார் தப்பு என்று யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. பன்றிகள் களிமண்ணை உருட்டி வந்தன. யானை தன் முதுகால் கரைக்கு முட்டுக்கொடுத்தது. குரங்குகள் கை மாற்றிக் கை மாற்றிக் கற்களைக் கொடுக்க, உறுமன் கழுத்தளவு தண்ணீரில் நின்று அவற்றை இடுக்கில் அடைத்தது. கசிவு சொட்டாகி, சொட்டும் நின்றது. மழை விட்டபோது ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் யாரும் காட்டை விட்டுப் போகவில்லை.

தங்கள் தவறைப் பயமில்லாமல் வந்து சொல்லும் துணிவை வேலையாட்களுக்குக் கொடுக்கிற மேஸ்திரியால்தான் உறுதியான கூட்டத்தையும் உறுதியான கரையையும் உருவாக்க முடியும்.